ஒருக்களிச்சுப் படு

கடம்பத்தூரில் ரயிலை விட்டிறங்கி, ஷேர் ஆட்டோவில் இடிபட்டுக்கொண்டு மெர்சி அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது மத்தியானச் சாப்பாட்டு நேரம் கடந்திருந்தது. அறுப்பு முடிந்த வயல்களின் மேல் கானல் ஆடிக்கொண்டிருந்தது. கலியன் வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே நெல் மூட்டைகளின் புழுங்கிய வாடை. அதற்கடியில் ஈர ரப்பர் வாடை. அது அவளுக்குப் பழகிய வாடைதான். வேர்த்த முகத்தில் நாள்கணக்காக மாட்டிய மாஸ்க்கின் வாடை.

ஆனால் கலியனுக்குக் கருமாதியே முடிந்துவிட்டிருந்தது.

மெர்சிக்குத் திருவள்ளூரில் ஒரு தூக்க கிளினிக்கில் வேலை. குறட்டைக்காரர்களைப் படுக்கவைத்து, உடம்பெல்லாம் வயர் ஒட்டி, தூக்கத்தில் மூச்சு எப்படிப் போய்வருகிறது என்று பார்ப்பாள். கலியனுக்குப் படுத்தால் தொண்டைச் சதை தொய்ந்து மூச்சுக்குழாயை அடைத்துக்கொள்ளும். குறட்டை பாதியில் அறுந்து நிற்கும்; கூடவே மூச்சும் நிற்கும். டாக்டர் அதை அப்னியா என்பார். தொண்டை அடைக்காமலிருக்கக் காற்றை அழுத்தி அனுப்பும் சீபாப் மெஷினைக் கொண்டுவந்து, மூக்கில் மாஸ்க் மாட்டக் கற்றுக்கொடுத்தவள் மெர்சிதான்.

மாஸ்க் லீக் ஆகிறது, காற்று கண்ணில் அடிக்கிறது என்று அவர் திரும்பத் திரும்ப போன் செய்தார். கடைசியாகப் பேசியபோது அவள் கிளினிக்கில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். "தேர்வாய் கண்டிகைல வேற பேஷன்ட் ஊட்ல கீறேன்யா. ரெண்டு நாள் பொறுங்க" என்றாள்.

"பரவால்லம்மா. இந்த வெயில்ல நீ அலையாத" என்றார் கலியன்.

அன்றைக்கு மாஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவேயில்லை.

அவள் சொன்ன பொய் யாருக்கும் தெரியாது. சாவுக்குக்கூட அவள் வரவில்லை. புதுவாயலில் கட்டிக்கொடுத்த அவர் மகள் பூமிகா போன் செய்து, "மெஷின வந்து எடுத்துக்கினு போய்டுங்கக்கா. அம்மா அந்த ரூமை வுட்டு நவுரவே மாட்டன்றாங்க" என்று கெஞ்சியபிறகுதான் கிளம்பினாள்.

கலியனின் மனைவி மணியம்மாள் அறை வாசலிலிருந்து எட்டிப் பார்த்தாள். கண் ரெண்டும் குழிக்குள் போயிருந்தன.

"வந்துட்டியா கண்ணு. அவரு உன்னப் பத்தியே பேசுவாரு. பாவம், அந்தப் பொண்ணு தேர்வாய் வரிக்கும் அலைஞ்சிக்கினு கீதுன்னு."

மெர்சி தலையைக் குனிந்துகொண்டாள்.

"மெல்ல வா. இப்பத்தான் தூங்குறாரு."

அறைக்குள் ஜன்னலைச் சாத்தியிருந்தார்கள். கட்டில் காலியாக இருந்தது. தலைமாட்டு ஸ்டூலில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதன் குழாய் வளைந்து தலையணைக்குப் போயிற்று. தலையணையின் நடுவில் மாஸ்க் மல்லாந்து கிடந்தது.

அதைப் பார்த்ததும் அவளுக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. முகத்தில் மாட்டாமல் ஓடவிட்டால் காற்று வீணாகப் பீறிட்டுக்கொண்டு போகும். அந்த இரைச்சல் தெரு வரைக்கும் கேட்கும்.

இரைச்சல் கேட்கவில்லை.

மெஷின், முகத்தில் கச்சிதமாகப் பொருந்தினால் எப்படி ஓடுமோ அப்படி ஓடிக்கொண்டிருந்தது. திரையில் லீக் என்று துளியும் காட்டவில்லை. மெர்சி மாஸ்க்கின் மேல் உள்ளங்கையை நீட்டினாள். காற்று வரவில்லை. வெதுவெதுவென்று ஈரம் மட்டும் தட்டியது.

தட்டியது. அடங்கியது. மறுபடி தட்டியது.

வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள்.

அப்போது அது நின்றது.

திரையில் பிரஷர் ஏறத் தொடங்கியது. அடைத்துக்கொண்ட தொண்டையைத் திறக்க மெஷின் முக்கியது. எந்தத் தொண்டையை?

மணியம்மாள் பதறவில்லை. குழந்தையைத் தட்டுவதுபோலத் தலையணைக்குக் கீழே, வெறும் மெத்தையில் தட்டினாள்.

"ந்தாய்யா. ஒருக்களிச்சுப் படு."

கட்டில் கிறீச்சிட்டது. பெரிய பெருமூச்சு ஒன்று இழுபட்டது. பிரஷர் இறங்கியது.

"அன்னிக்கு நான் களத்துல நெல்லு வாரிக்கினு இருந்தேன். தட்டுறதுக்கு ஆள் இல்ல" என்றாள் மணியம்மாள். "இப்ப ராப்பகலா தட்டிக்கினே கீறேன். கண்ண மூட முடியல கண்ணு. நீ கொஞ்ச நேரம் பாத்துக்கிறியா? மெஷின் வச்ச பொண்ணு நீ. உனுக்குத் தெரியும்."

ஓடிவிட வேண்டும் என்றுதான் மெர்சியின் கால்கள் துடித்தன. ஆனால் அந்தக் கண்களைப் பார்த்து முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. வர முடியாதென்று ஒருமுறை பொய் சொல்லியாயிற்றே. உட்கார்ந்தாள். மணியம்மாள் தரையிலேயே முந்தானையை விரித்துப் படுத்து, அடுத்த நொடி அடித்துப்போட்டதுபோலத் தூங்கிப்போனாள்.

மூச்சு போய்வந்தது. நின்றது. மெர்சி தட்டினாள். மெத்தை, ஆள் படுத்த இடம்போலச் சூடாக இருந்தது.

"ஐயா," என்று கிசுகிசுத்தாள். "அன்னிக்கு நான் தேர்வாய்ல இல்ல. கிளினிக்லதான் இருந்தேன். வந்திருக்கலாம். வரல."

நெடுநேரம் மூச்சு வரவில்லை. அப்புறம் தலையணையில், அவள் பக்கமாக, மெதுவாக ஒரு குழி விழுந்தது.

அவள் அலறவில்லை. அலறினால் மணியம்மாளின் தூக்கம் கலைந்துவிடும். வாயைப் பொத்திக்கொண்டு அழுதபடி, வெயில் தாழும்வரை தட்டிக்கொண்டேயிருந்தாள்.

மணியம்மாள் எழுந்தபோது முகம் தெளிந்திருந்தது. முகத்தை அலம்பிக்கொண்டு வந்து கட்டிலைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தானே சுவிட்சை அணைத்து, வயரைச் சுற்றி, மெஷினைப் பையில் வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள்.

"என்னால இனிமே ஆவாதும்மா. நீயே இட்டுக்கினு போ."

எடுத்துக்கினு போ என்று அவள் சொல்லவில்லை.

திருவள்ளூர் போகும் ரயிலில், பெண்கள் பெட்டியில், மெர்சி பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வண்டி கிளம்பியதும் எங்கிருந்தோ குறட்டைச் சத்தம் எழுந்தது.

"யாரும்மா இது, ஆம்பளயாட்டம் கொறட்ட வுடுறது?" என்றாள் எதிரே இருந்த பூக்காரி. பெட்டியே சிரித்தது. ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். யாரும் தூங்கவில்லை. ஒரு காலேஜ் பெண் சீட்டுக்கு அடியில்கூடக் குனிந்து தேடினாள்.

குறட்டை சட்டென்று நின்றது.

"அப்பாடா, பேஜாரு வுட்டுது" என்றாள் பூக்காரி. எல்லோரும் அவரவர் போனுக்குத் திரும்பினார்கள்.

மெர்சி மட்டும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள்.

வரவில்லை.

இன்னும் வரவில்லை.

கையைப் பையின் மேல் வைத்து, மெல்லத் தட்டினாள். "ஐயா… ஒருக்களிச்சுப் படுங்கய்யா."

அவள் மடியில் பை புரண்டு படுத்தது.