கடைசி ஆளுக்கு முதல் சீட்டு

சித்திரை வெயிலில் மண்டபத்துச் சுவர் இடுப்பு உயரம் வரை ஈரமாக இருந்தது. வாக்காளர்களின் வியர்வையையும் மையின் காரத்தையும் தாண்டி ஆற்று வண்டலின் வாடை சிவகணேஷின் மூக்கில் ஏறிக்கொண்டே இருந்தது. வேறு யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

நெல் கிடங்காகக் கட்டிய மண்டபம். பிறகு நாடகக் கொட்டகை. பிறகு கல்யாண மண்டபம். இதே மேடையில்தான் அவன் சித்ரலேகாவுக்குத் தாலி கட்டினான். இன்று அங்கே வாக்குப்பெட்டி. பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தவளைத் தொண்ணூற்றிரண்டாம் வருஷத்து வெள்ளம் கொண்டுபோனபோது, உடல்களை இங்கேதான் வரிசையாகக் கிடத்தினார்கள். ஒவ்வொரு துணியாக விலக்கிப் பார்த்தான். அவள் இல்லை. பிறகும் கிடைக்கவில்லை. தேர்தல் பணிக்கு இந்த ஊர் விழுந்ததும், மாற்றிக் கேட்கச் சொன்னார்கள். அவன் கேட்கவில்லை. ஒரு தடவை அவளைப் பார்த்தால் போதும் என்றிருந்தது.

மை வைப்பது அவன் வேலை. இசக்கித்தாய் என்றொருத்தியின் இடுப்பிலிருந்த குழந்தையும் விரலை நீட்டியது.

"இவனுக்கும் ஒரு பொட்டு வையிங்க சார். இல்லன்னா வீடு வரைக்கும் அழுவான்."

"ஏம்மா, ஒம் மவன் யாருக்கு ஓட்டுப் போடுதானாம்?" என்றார் தலைமை அலுவலர் நேசையா. வரிசை சிரித்தது. சிவகணேஷ் அந்தச் சின்ன விரலைப் பார்க்காமல் அடுத்த ஆளைக் கூப்பிட்டான்.

ஐந்து மணிக்கு, இனி யாரும் சேராதபடி, நேசையா வரிசையின் வாலிலிருந்து எண் போட்ட சீட்டு கொடுத்துக்கொண்டு வந்தார். ஒன்றாம் எண் கிழவர் ஐயம்பெருமாளுக்கு. கடைசி ஆளாகக் கிழவர் மை மேசைக்கு வந்தார்.

"எனக்குப் பொறவால ஒரு பொண்ணு நின்னுச்சே. அதுக்குச் சீட்டு குடுக்கலியா? சொட்டச் சொட்ட நனைஞ்சுல்லா இருந்தா."

"வெயிலு தலைக்கேறிட்டுவே ஒமக்கு," என்றார் நேசையா. கிழவர் ஓட்டுப் போட்டுவிட்டுப் போனார். கதவைச் சாத்தினார்கள். பெட்டிக்கு அரக்கு வைக்க எல்லோரும் மேடை ஏறினார்கள்.

அவன் மட்டும் மேசையில்.

வளையல் சத்தம்.

இடது கை ஒன்று மேசைமேல் வந்து அமர்ந்தது. வளைகாப்புக் கண்ணாடி வளையல்கள். அவற்றின் இடுக்கில் வண்டல். அந்த விரல்களை அவனுக்குத் தெரியும்.

தலையை நிமிர்த்த முடியவில்லை.

துணியால் விரலைத் துடைத்தான். மறுபடி ஈரம். நகத்தடியிலிருந்து நீர் கசிந்தது. மைக்குச்சியை வைத்தான். மை ஒட்டவில்லை. வழிந்தது. மறுபடி வைத்தான். வழிந்தது.

அவள் கைக்குக் கீழிருந்து இன்னொரு கை வந்தது. உள்ளங்கையே ஒரு ரூபாய்க் காசு அளவுதான். வண்டல் அப்பிய சுட்டுவிரலை நீட்டிக்கொண்டு, மைக்காகக் காத்திருந்தது.