அசையாத கால்கள்

மனிதகுலத்தின் துன்பமெல்லாம் அழற்சியில் பிறக்கிறது. அழற்சியெல்லாம் நாக்கில் பிறக்கிறது. காணொளிக்குக் காணொளி இந்தப் பேருண்மையை அருளிவந்த வழிகாட்டியின் கால்கள் மட்டும், அருளும் நேரத்திலேயே மேசைக்கடியில் தையல் எந்திரம் மிதித்துக்கொண்டிருக்கும். காமிரா இடுப்புக்கு மேல்தான் பார்க்கும் என்பதால் பேருண்மைக்குப் பங்கம் வரவில்லை.

வழிகாட்டி என்பது அவரே தனக்கு வைத்துக்கொண்ட பெயர். மனைவி அப்படிக் கூப்பிடுவதில்லை.

படுத்தால் போதும், கெண்டைக்காலுக்குள் எறும்பு ஊரும். உதறினால் அடங்கும், அடங்கிய கையோடு மறுபடி ஊரும். அதற்காகத்தான் ஒவ்வொரு உணவாக விலக்கினார்: பால், கோதுமை, சர்க்கரை, தக்காளி, காபி. விலக்கியதை ஒவ்வொன்றாகத் திரும்பச் சாப்பிட்டு, தன் காலைக் கிளப்பிவிடுவது எது என்று கண்டுபிடிப்பது இந்த முறையின் மறுபாதி. அந்தப் பாதிப் பக்கம் அவர் தலைவைத்தும் படுக்கவில்லை. விலக்கிய அன்றைக்கே அதை உலகத்துக்கே விஷம் என்று அறிவித்தாயிற்று. இனி எந்த முகத்தோடு தின்பது?

“ஒருத்தருக்குக் காபி ஆகாது, இன்னொருத்தருக்கு ஒண்ணும் பண்ணாது. எல்லாருக்கும் ஒரே அளவுல செருப்பு தைக்கறீங்களே,” என்றாள் மனைவி.

“உனக்கு விஞ்ஞானம் புரியாது.”

“உதை புரியுதே. அதனாலதான் அடுத்த ரூம்ல படுக்கறேன்.”

நாளைக் காலை நேரலை. முதன்முறையாக முழு உருவமும் தெரிய, கால்களை நீட்டி, ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து காட்டுவதாகச் சவால் விட்டிருந்தார். ஒரு விரல் துடித்தாலும் மானம் கப்பலேறிவிடும். நாற்காலியும் காமிராவும் கூடத்தில் தயாராக நின்றன. வேகவைத்த பூசணித் துண்டுகளை ஒரு தியாகியின் முகபாவத்தோடு விழுங்கிவிட்டுப் படுத்தார்.

விளக்கை அணைத்ததும் கால்கள் ஓய்ந்துபோயின.

எறும்பு இல்லை, இழுப்பு இல்லை, போர்வை கூடச் சரசரக்கவில்லை. வென்றுவிட்டோம் என்று இருட்டைப் பார்த்துச் சிரித்து, நாளைய உரையின் முதல் வரியை உதட்டுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், ஈரத்துணியைத் தரையில் மெல்ல ஒற்றி ஒற்றி எடுப்பதுபோன்ற சத்தத்தோடு, வெறுங்கால்கள் இரண்டு கூடத்தில் நடப்பது அவருக்குக் கேட்டது. நாற்காலியைச் சுற்றின. காமிராவைச் சுற்றின. வீட்டை நன்றாகத் தெரிந்த நடை. இடது காலை லேசாக இழுத்து வைக்கும் நடை.

அந்த நடையை அவருக்குத் தெரியும்.

அடுக்களையில் பிரிட்ஜ் கதவு, ரப்பர் பிரியும் சத்தத்தோடு திறந்தது. கதவிடுக்கில் நீலவெளிச்சம் கோடாக விழுந்தது. பால் வாடை. உறிஞ்சும் சத்தம். பிறகு நிசப்தம், ஏதாவது ஆகிறதா என்று காத்திருப்பதுபோல. ஒன்றும் ஆகவில்லை. ரொட்டிப் பொட்டலம் கிழிந்தது. மெல்லும் சத்தம். காத்திருப்பு. சர்க்கரை டப்பா. காத்திருப்பு. தக்காளி. காத்திருப்பு. அவர் விலக்கிய அதே வரிசை.

மறுபாதியை யாரோ செய்துகொண்டிருந்தார்கள்.

அவர் கை போர்வைக்குள் இறங்கியது. இடுப்பு இருந்தது. அதற்குக் கீழே மெத்தை. வலி இல்லை, ரத்தம் இல்லை. தொடை தொடங்கும் இடத்தில், தைத்து முடித்த தலையணை முனைபோல வழவழவென்று தோல்.

சுவருக்கு அப்பாலிருந்து மனைவி குரல் கொடுத்தாள். “ஏங்க, அடுக்களைல உருட்டறது நீங்கதானே?”

ஆமாம் என்றால் வழிகாட்டி திருட்டுத்தனமாக ரொட்டி தின்றவராவார். இல்லை என்றால் அவள் எழுந்து வருவாள், விளக்கைப் போடுவாள், போர்வையை விலக்குவாள். நாளை நேரலைக்கு நீட்ட ஒன்றுமில்லை என்பது தெரிந்துவிடும்.

“பதில் சொல்லுங்க. இல்லேன்னா நான் வந்து பாக்கறேன்.”

அவர் குறட்டை விட்டார். கண்ணை இறுக்கி மூடி, தொண்டையைக் கரகரவென்று இழுத்து, மிகவும் கௌரவமான ஒரு குறட்டை.

“ஓகோ, அதுக்குள்ள படுத்தாச்சா? நடிங்க, நடிங்க. இனிமே சத்தம் கேட்டாலும் நான் எழுந்திருக்க மாட்டேன்.” அவள் கட்டில் கிறீச்சிட்டது. பிறகு அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

காபி டப்பா திறந்தது. மூடியது.

பிரிட்ஜ் வெளிச்சம் அணைந்தது.

காலடி.

கூடம். படுக்கையறைக் கதவு.

கட்டிலருகே வந்து நின்றன. சன்னல் வழியாக வந்த தெருவிளக்கில், அவர் முகத்துக்கு நேரே, இரண்டு முழங்கால்கள். தொடைக்கு மேலே ஒன்றுமில்லை. ஒரு தசைகூடத் துடிக்கவில்லை. வீட்டில் இருந்ததையெல்லாம் தின்று பார்த்தாயிற்று. எதுவும் அவற்றை ஒன்றும் செய்யவில்லை.

தின்று பாராதது ஒன்றுதான் பாக்கி.

முழங்கால்கள் மடங்கின. மூட்டுச் சில்லுகளுக்குக் கீழே தோல் உதடுபோல விரிந்தது. உள்ளே பல். ரொட்டித் துணுக்கு. காபி மணம்.

வழிகாட்டி குறட்டையை நிறுத்தவில்லை.

படுக்கையை நனைத்திருந்தார்.