தக்காளி வழிப் பேச்சு

நிலவுத் தோட்டத்தில் தக்காளிக்குப் பூமியோடு பேச அனுமதி இருந்தது. மனிதர்களுக்கு இல்லை. அலைவழியில் இடம் போதவில்லை என்று, ‘குழாயைத் திற, மூடு’ என்னும் கட்டளை கொண்ட தோட்டத் தரவுப் பொட்டலங்களை மட்டுமே வலையின் வாசலைக் காக்கும் வாயிற்பொறி உள்ளே விட்டது. குரல் பொட்டலம் வந்தால் நேரே குப்பைதான்.

தமயந்திக்கு அங்கே தோட்டக் காவல். திருநெல்வேலிக் கட்டுப்பாட்டு நிலையத்தில் இருந்துகொண்டு அந்தக் குழாய்களை இயக்குபவன் அவள் தம்பி இளங்கோவன். அவனுக்குப் பெண் பிறந்து பல வாரம் ஆகியும் பெயரில்லை. அத்தைக்காரி காதில் மூன்று முறை சொன்னால்தான் பெயர் என்று அவன் மனைவி ஒற்றைக்காலில் நின்றாள்.

இளங்கோவன் ‘உறைமுகம்’ என்றொரு மென்பொருள் எழுதினான். கணினி அதை நிஜமான வலைக்கருவி என்றே நம்பும். உள்ளே வரும் ஒவ்வொரு குரல் பொட்டலத்துக்கும் அது தோட்டப் பொட்டல உறையை மாட்டிவிடும். வாயிற்பொறி உறையைத்தான் பார்க்கும். மறுமுனையிலும் ஓர் உறைமுகம் வேண்டுமே? தோட்ட மென்பொருளின் புதுப்பதிப்போடு அதையும் நிலவுக்கு ஏற்றிவிட்டான். பிறகு வீட்டுக் கணினியை நிலையத்தோடு இணைத்துக்கொண்டு அக்காவை அழைத்தான்.

“அக்கா, கேக்குதா? மாட்டுனா ரெண்டு பேர் வேலையும் போயிரும்.”

“போனாப் போகுது. நான் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது எம் மருமவ பேரில்லாமக் கிடக்கணுமாக்கும்? ஒலிப்பானை அவ காதுகிட்ட வைல.”

“பூங்கோதை” என்று தமயந்தி மூன்று முறை சொன்னாள். குழந்தை கொட்டாவி விட்டது. வீடே குலவையிட்டது. நிலவில் தமயந்தி தக்காளிச் செடிகளுக்கு நடுவே சிரித்துக்கொண்டே அழுதாள்.

நல்ல சேதி நாலு பேருக்குத் தெரியாமல் இருக்குமா? தோட்டத்தார் அத்தனை பேரும் வந்து நின்றார்கள். சொதி வைக்கும் பக்குவம், சம்பந்தி சண்டை, தாலாட்டு எல்லாம் தக்காளிக்கான தண்ணீராக உறை போட்டுப் போய்வந்தன.

ஒருநாள் நிலைய மேலாளர் ரஹ்மத்துல்லா இளங்கோவனை அழைத்தார்.

“ஒரு தக்காளிக்கு இம்புட்டுத் தண்ணியாப்பா?”

இளங்கோவன் தன் அடையாள அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தான்.

“பயப்படாத. எம் மவனும் அங்கதான் இருக்கான். நேத்துக்கூட உன் தக்காளி வழியாத்தான் பேசுனேன். சங்கதி வேற. வாயிற்பொறி தானாக் கத்துக்கிடுத பொறில்லா? தோட்டம்னா இவ்வளவு பொட்டல ஓட்டம் வேணும்னு கணக்குப் போட்டுட்டு. இனி ஓட்டம் குறைஞ்சா, தோட்டம் பட்டுப்போச்சுன்னு வழியவே அடைச்சிரும். அப்புறம் குழாயைத் திறக்கவும் ஆகாது.”

“அப்போ என்ன சார் செய்ய?”

“பேசணும். நிறுத்தாமப் பேசணும்.”

அன்றே முறைவேலை வகுத்தார்கள். முதலில் கொண்டாட்டமாக இருந்தது. ஊர்க்கதை தீர்ந்தது, உறவுக்கதை தீர்ந்தது, பொய்யும் தீர்ந்தது. ‘வாய் ஓயாதவர்கள் தேவை’ என்று நிலையம் விளம்பரமே கொடுத்தது. வந்தவர்கள் ஒரே வாரத்தில் தொண்டை கட்டி ஊர் திரும்பினார்கள். தோட்டமோ காய்த்துக் குலுங்கியது.

தன் முறையில் தமயந்தி ஒலிவாங்கி முன் உட்கார்ந்தாள்.

“ஏல தம்பி, கொஞ்ச நேரம் பேசாம இருக்கணும்போல இருக்கு.”

“இருந்தா செடியெல்லாம் செத்துரும்க்கா. பேசு.”

“என்னத்தப் பேச? சரி, இன்னிக்கு உங்க வீட்ல என்ன குழம்பு?”

“காலைலயே கேட்டியே.”

“பரவால்ல. திரும்பச் சொல்லு.”