பின்மரத்துப் பாய்

காலையில் விரித்தபோது எதிர்ச்சுவரைத் தொட்ட துணி, மதியம் சுவருக்கு ஒரு முழம் இப்பால் நின்றது.

அவள் டேப்பை மறுபடி பிடித்தாள். இரட்டைப் பாய்மரப் படகின் பின்மரத்துக்கான சின்னப் பாய். மரத்தை ஒட்டிய விளிம்பு ஆறு மீட்டர், அடி விளிம்பு அதில் பாதி. இரண்டுமே குறைந்திருந்தன. வெளியே விடாத மழை, தகரக் கூரையில் ஒரே இரைச்சல், கூடமெங்கும் நூல்மெழுகின் வாசனை. ஈரம்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டாள். நனைந்தாலும் சுருங்காத துணி அது என்பது அவளுக்குத் தெரியும்.

அந்தப் படகில் போன கணவன் வரவில்லை. படகு மட்டும் வந்தது, பின்மரத்துப் பாய் இல்லாமல். அன்றிலிருந்து அவளுக்கு அழுகையும் வரவில்லை, பசியும் எடுக்கவில்லை. கடலில் செத்தவனைப் பாய்த்துணியில் வைத்துத் தைப்பது பாய் தைக்கும் தொழிலின் பழைய வழக்கம். தைக்க உடம்பே கிடைக்கவில்லை.

நாளை அதே படகில் கொழுந்தன் தனியாகப் போகிறான். வேண்டாம் என்று காலையிலேயே சொல்லிப் பார்த்தாள். அண்ணன் தூங்குமூஞ்சி, நான் அப்படியா என்று சிரித்தவன், பாய் முடியட்டும் என்று துணிச்சுருள்கள்மேல் சாய்ந்து அங்கேயே தூங்கிப்போனான்.

அவள் தைக்க உட்கார்ந்தாள். காற்றை வாங்கப் பாய்க்கு வயிறு வேண்டும். அதற்காகத்தான் துணித் துண்டுகளின் ஓரங்களை வளைத்து வெட்டுவார்கள். காற்று இல்லையென்றால் வயிறும் இல்லை, துணி தட்டையாகக் கிடக்கும்.

ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. தரையில் கிடந்த பாய்க்கு வயிறு இருந்தது.

அது மெல்ல உயர்ந்தது. மெல்ல இறங்கியது.

திரும்பிப் பார்த்தாள். துணிச்சுருள்கள்மேல் யாரும் இல்லை. வாசலில் அவன் செருப்பு, விட்ட இடத்திலேயே.

டேப்பை எடுத்தாள். ஓர் ஆள் நீளம். கணவனின் அளவு என்று தோன்றியது. இல்லை. அவன் இந்த வாசல்நிலையில் தலை இடித்துக்கொள்கிறவன். கொழுந்தன் நிமிர்ந்தே நுழைவான்.

விளிம்புகள் மடிந்து சேர்ந்திருந்தன. நெருக்கமான சாய்ந்த தையல். அவளுடைய தையல். எப்போது போட்டாள் என்று நினைவில்லை. ஒரு முனை மட்டும் திறந்திருந்தது.

மழை நின்றுவிட்டது.

"அண்ணி." தூக்கம் கலையாத குரல். "முடிஞ்சிருச்சா?"

குரல் தரையிலிருந்து வந்தது.

பயப்பட வேண்டும் என்று தோன்றியது. பயம் எங்கோ தூரத்தில் இருந்தது, மரத்துப்போன காலைப் போல. உள்ளங்கைத் தோலுறையை இறுக்கிக்கொண்டாள். நூலுக்கு மெழுகு போட்டாள்.

"அண்ணி, இருட்டா இருக்கு."

"படுத்திரு தம்பி. இன்னும் கொஞ்சந்தான்."

திறந்திருந்த முனையின் இரு விளிம்புகளையும் சேர்த்துப் பிடித்து ஊசியை ஏற்றினாள். உள்ளிருந்து சூடான மூச்சு அவள் விரல்களில் பட்டது.