காயாத களிமண்

மூன்று நாளாகியும் களிமண் காயவில்லை. அதற்கு யாரும் தண்ணீர் தெளிக்கவும் இல்லை.

இங்கிலாந்துக் கிராமமான வெதர்லோவில் கிணற்றுக்குப் பூ ஜோடிப்பவர்களுக்கு வருடா வருடம் ஒரே கவலைதான். ஆளுயரப் பலகையில் களிமண்ணை அப்பி, அதன்மேல் பூவிதழ்களை ஒவ்வொன்றாக அழுத்திப் படம் செய்து, ஞாயிறு காலை கிணற்றுக்கு மேல் நிறுத்திப் பாதிரியார் ஆசீர்வதிக்கும்வரை மண் வெடிக்காமல் இருக்க வேண்டும். அதற்காக உப்பு கலப்பார்கள், ஈரச் சாக்கைப் போர்த்துவார்கள், வெயில் பட்டால் வானத்தையே திட்டுவார்கள். இந்த வருடம் எதற்கும் அவசியமில்லாமல் பலகை தானாகவே வியர்த்தது. படத்தில் ஊரின் அடையாளங்களையெல்லாம் வைத்திருந்தார்கள். தேவாலயக் கோபுரத்தின் மேலும், கல்பாலத்தின் மேலும், மதுக்கடை வாசலின் மேலும் பொடிப்பொடியாக நீர் அரும்பி நின்றது. டாஃப்னி விரலால் தொட்டுப் பார்த்தாள். அது தண்ணீர் இல்லை. ஆட்டிறைச்சி வறுத்த சட்டியில் மறுநாள் ஒட்டியிருக்குமே, அந்தக் கொழுப்பு.

"கொடுத்து வச்சவடி நீ," என்றாள் மேவிஸ், பலகைக்கு அந்தப் பக்கம் குனிந்தபடி. "போன வருஷம் நோவா பேழைப் படம் வெடிச்சு, பிஷப் காலடியிலயே ஒட்டகம் விழுந்துச்சே! இந்த மண்ணு இத்தனை நாள் எங்கடி ஒளிஞ்சிருந்துச்சு?"

"ஒரு மாதிரி நாறலையா, மேவிஸ்?"

"களிமண்ணு பின்ன ரோஜா மாதிரியா மணக்கும்? எல்லாம் உன் புருஷன் கால் நாத்தம். எப்படி இருக்கான் கிழவன்?"

"காய்ச்சல்னு படுத்தே கெடக்கான். நேத்துலேர்ந்து சாப்பிடவும் இல்ல."

"மிதிக்கும்போது குடிச்ச பீரு இன்னும் இறங்கியிருக்காது," என்று மேவிஸ் சிரித்தாள்.

டாஃப்னியால் சிரிக்க முடியவில்லை. மண்ணை வெறுங்காலால்தான் மிதிக்க வேண்டும் என்பது ஊர் வழக்கம். காலுக்குத்தான் கல் தெரியும் என்பார்கள். இருபது வருடமாக மிதிப்பது அவள் புருஷன் நோரிஸ்தான். வழக்கமாக மண்ணெடுக்கும் குளத்தங்கரையை லண்டன்காரன் ஒருவன் வாங்கி வேலி போட்டுவிட்டதால், இந்த வருடம் எங்கே தோண்டுவது என்று நோரிஸ் இவளிடம்தான் வந்து கேட்டான். ஊருக்கு வருகிறவர்களுக்குச் சரித்திரம் சொல்கிறவள் ஆயிற்றே! ஆடு மேயாத அந்தப் பள்ள வயலைக் காட்டி, செங்கல்லுக்கு மண்ணெடுத்த பழைய குழி அது என்று அடித்துச் சொன்னாள். அவளுக்கு யாரும் அப்படிச் சொன்னதில்லை. பள்ளத்தைப் பார்த்து அவளே முடிவு கட்டியது.

கோபுரத்தின் சன்னல்களுக்கு முட்டையோட்டுச் சில்லு வைப்பது அவள் வேலை. நேற்று நான்கு சன்னல்களை முடித்திருந்தாள். இப்போது கோபுரத்துக்கு வெளியே, நீல இதழ் வானத்திலும் வெள்ளையாகச் சில இருந்தன. மேவிஸ்தான் கண் தெரியாமல் சிந்தியிருப்பாள் என்று முனகியபடி, ஊசியால் ஒன்றை நெம்பி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். முட்டை ஓடு இவ்வளவு வளையாது. ஒரு பக்கம் பிறைபோல் வெளுத்திருந்தது, மறு பக்கம் அழுக்கு அப்பியிருந்தது.

நகம். குழந்தை நகம்.

அதை உதறிவிட்டுக் கையைப் பாவாடையில் துடைத்தாள். துடைத்த இடத்திலும் அந்தக் கொழுப்பு நாற்றம். தலை வலிக்கிறது என்று மேவிஸிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

ஜூன் மாத வெளிச்சம் இன்னும் போகவில்லை. தேவாலயத்தில் மணியடித்துப் பழகிக்கொண்டிருந்தார்கள். ஊர் எல்லைக் கல்லைத் தாண்டும்போது அவள் நடை தானாக வேகமெடுத்தது. பல நூறு வருடங்களுக்கு முன் கொள்ளைநோய் வந்த கோடையில் ஊர் தன்னைத் தானே பூட்டிக்கொண்டபோது, வெளியூர்க்காரர்கள் ரொட்டியை வைத்துவிட்டு ஓடிய கல் அது. பாதி ஊர் செத்தது. தேவாலயத் தோட்டத்தில் அவர்களுக்கு ஒரு கல்லறைகூட இல்லை. சுற்றிப் பார்க்க வருகிறவர்களிடம் இந்த இடத்தில்தான் அவள் ஒரு வேடிக்கை சொல்வாள்: 'எங்கே புதைத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது, பார்த்துக் காலை வையுங்கள்.' எல்லாரும் சிரிப்பார்கள்.

ஆடு மேயாத அந்தப் பள்ளம் கண்முன் வந்தது. தன் வாயைத் தானே கிழித்துக்கொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு.

வீட்டுக்குள் நுழைந்ததுமே அந்த நாற்றம். படியேற ஏற அது தித்திப்பாகி, நாக்கில் ஒட்டி, எச்சிலை விழுங்கினால் தொண்டையிலும் வழவழத்தது. குளியலறையில் நோரிஸ் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து காலைத் தேய்த்துக்கொண்டிருந்தான். தண்ணீர் சாம்பல் நிறத்தில் இருந்தது. மேலே ஏடு கட்டியிருந்தது.

"போக மாட்டேங்குது, டாஃப்," என்றான். "தேய்க்கத் தேய்க்க வருது."

"டாக்டரக் கூப்பிடுறேன். நீ கால எடு மொதல்ல."

"வேணாம். வெளிய எடுத்தா குளிருதுங்கிறாங்க."

"யாரு?"

அவன் தன் கால்களையே பார்த்தான்.

தொலைபேசி கீழே இருந்தது. முதலில் அவனைத் துடைத்துப் படுக்க வைக்க வேண்டும், இந்தத் தண்ணீரில் விட்டுவிட்டுப் போகக் கூடாது என்று நினைத்தாள். மண்டியிட்டாள். நாற்பது வருடம் ஒரே கட்டிலில் படுத்தவன், காய்ச்சலில் அவள் வாந்தியைக் கையில் ஏந்தியவன். அவனைத் தொட அவளுக்கு மனம் வரவில்லை. அந்த வெட்கத்தை விழுங்கிக்கொண்டு, வலது காலைக் கெட்டியாகப் பிடித்தாள்.

தோல் நழுவியது.

காலுறை கழல்வதுபோல் பாதத்திலிருந்து மொத்தமாக நழுவி, தண்ணீரில் மிதந்தது. ரத்தம் இல்லை. உள்ளே சாம்பல் நிறம். வழவழப்பு. வேர்வை.

"வலிக்குதா?"

"இல்ல."

கணுக்காலுக்கு மேலே அவள் கட்டைவிரல் பதிந்தது. அமுங்கியது. முழுசாக உள்ளே போனது. எலும்பு தட்டவில்லை. எங்குமே தட்டவில்லை.

விரலை இழுத்தாள்.

வரவில்லை.

உள்ளே ஏதோ அதைப் பிடித்திருந்தது. சின்னப் பிடி. பால்குடிக் குழந்தை விரலைப் பிடிக்குமே, அப்படி.

"நோரிஸ். நோரிஸ், விடச் சொல்லு."

முழங்காலில் தோல் மேடிட்டது. உள்ளிருந்து. நான்கு விரல்நுனிகள். பக்கத்தில் இன்னும் சில, பெரியவை. தொடையில் ஓர் உள்ளங்கை முழுசாகப் பதிந்து, தடவி, மேலே நகர்ந்தது. அவள் முழுப் பலத்தோடு பின்னால் சாய்ந்தாள். கை இன்னும் உள்ளே இழுபட, பிடி மணிக்கட்டுக்கு ஏறியது.

"கதகதப்பா இருக்காம் உன் கை," என்றான் நோரிஸ். அவன் வாயோரம் சாம்பல் நிறத்தில் வழிந்தது.

ஈரச் சட்டை அவன் வயிற்றோடு ஒட்டியிருந்தது. துணிக்கு அடியில் ஒரு மூக்கு எழும்பியது. பிறகு நெற்றி. பிறகு ஒரு வாய் திறந்து, துணியை உள்ளே இழுத்து, விட்டது. மறுபடியும் இழுத்தது. சப்பத் தொடங்கியது.