சாட்சி நம்பர் பதினேழு

"ஐயோ... பொணம்! பொணம்!"

சரோஜம்மாவின் அலறலில் தங்கவயலின் பாலகாட் மூன்றாவது லைன் தெருவே நடுங்கியது.

சனிக்கிழமை. மாலை மணி ஏழு பத்து. தூறல்.

மக்கள் பாதுகாப்புக் குழு ஆபீஸ் வாசலில், ஆளுயர ஃப்ளெக்ஸுக்குக் கீழே மல்லாந்து கிடந்தார் குழுத் தலைவர் ரத்தினம். நெற்றியில் ரத்தம். பக்கத்தில் கவிழ்ந்த ஸ்டூல் ஒன்று.

ஊருக்குப் புதிதான பால்காரர் எட்டிப் பார்த்தார்.

"இவரு மார்ச்லயே பூட்டாரே! மேல போர்டு கீதே!"

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அது கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ். செத்தவர் வேறு ஆள். அவர் படம் மூலையில், தபால்தலை அளவு. அஞ்சலி செலுத்தும் ரத்தினம்தான் ஆறடிக்கு நின்றார். கும்பிட்ட கை, கூலிங் கிளாஸ், கழுத்தில் வடக்கயிறு தடிமனில் செயின்!

கீழே கிடந்த ரத்தினம் முனகினார். எழுந்து உட்கார்ந்தார். முதலில் தடவிப் பார்த்தது மண்டையை அல்ல. கழுத்தை!

"என் செயினு! அஞ்சு பவுனு! பின்னாலேர்ந்து எவனோ அடிச்சிட்டாம்பா!"

"ஸ்டூலாலதான் அடிச்சிருக்கான்! யாரு தலைவரே?"

"மூஞ்சி தெரியல..."

தெரியாதது நல்லதாகப் போயிற்று. எந்த மூஞ்சியை வேண்டுமானாலும் பொருத்திக்கொள்ளலாம்.

தெருமுனையில் பானிபூரி வண்டி நின்றது. வண்டி மட்டும்தான். ஆளைக் காணோம்!

"அந்த பீகாரிப் பையன்!"

ஜித்து ஒடிசாக்காரன். ஊருக்கு அதைப் பலமுறை சொல்லியிருக்கிறான். ஒடிசாவும் பீகாரில்தான் இருக்கிறது என்று ஊர் தீர்ப்பு சொல்லி, கேஸை மூடிவிட்டது.

"வெளியூர்க்காரனைச் சேத்தா இப்டித்தான் ஆவும்!"

சொன்னவருடைய கொள்ளுத்தாத்தா வட ஆற்காட்டிலிருந்து சுரங்க வேலைக்குத் தகரப் பெட்டியோடு வந்து இறங்கியவர். அங்கே நின்ற முக்கால்வாசிப் பேருடைய கொள்ளுத்தாத்தாவும் அப்படியே.

*

அதே நேரம்.

சுரங்கக் கழிவுமண் குவிந்த சயனைடு மேட்டுக்கு இந்தப் பக்கம், மூடிப்போன சுரங்க ஷாஃப்ட்டின் உடைந்த சுவரோரம் இரண்டு தலைகள் செஸ் ஓடும் ஒரே போனின் மேல் கவிழ்ந்திருந்தன.

"இன்னா நிவி, யானைய சொம்மா வுட்டுட்டே?"

"வுடல. தூண்டில் போட்டுகிறேன். துன்னு பாரு!"

நிவேதாவுக்குப் பதினேழு. முதல் பி.யு., அதாவது பிளஸ் ஒன். ஜித்துவுக்குப் பதினெட்டு. ஊருக்கு வந்து ஒன்றரை வருஷம்தான். அதற்குள் 'இன்னா', 'கீது' எல்லாம் ஊர்க்காரர்களைவிடச் சுத்தமாக வந்துவிட்டது.

ஒரு பிளேட் பானிபூரிக்கு ஒரு காய். அதுதான் கணக்கு. அவள் சாப்பிட வரும்போது அவன் ஒரு காய் நகர்த்துவான், அவள் ஒன்று. பன்னிரண்டு நாளாக ஓடுகிற ஆட்டம். இன்றைக்குத் தூறல், வியாபாரம் இல்லை, முடித்துவிடலாம் என்று வந்து உட்கார்ந்து முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது.

தெருமுனைப் பக்கம் சத்தம் கேட்டது.

"வண்டிகிட்டயா?" ஜித்து எழுந்தான். "உருளைக்கெழங்கு அப்டியே தெறந்து கீது!"

"டேய், இரு..."

அவன் ஓடினான். கூட்டத்தைப் பார்த்து, நேராக!

கூட்டத்தை நோக்கி ஓடி வந்தவனைத்தான், தப்பித்து ஓடினான் என்று பிடித்தார்கள்.

*

"எருமைடி! எருமை!" பெங்களூர் வேலையிலிருந்து எட்டேகாலுக்கு வீட்டுக்குள் நுழைந்தார் நிவேதாவின் அப்பா வேந்தன். "பங்காருபேட்டை தாண்டினதும் ட்ராக்ல வந்து படுத்துகிச்சி. ஒன்றர மணி நேரம் லேட்டு! பெட்டியில நம்ம கமிட்டி ஆளுங்க எல்லாரும் மாட்டிக்கினோம்."

அம்மா வாணி காபியோடு ரத்தினம் கதையையும் சேர்த்துக் கொடுத்தாள். வேந்தன் காபியைக் குடித்தார். கதையைக் குடிக்கவில்லை. அது அவர் தலைக்கு ஏறிற்று. விறுவிறுவென்று வெளியே போனார்.

ஒன்பது மணிக்குக் கண்ணாடி நொறுங்கும் சத்தம்.

நிவேதா ஜன்னலுக்கு ஓடினாள்.

தெருவிளக்கின் கீழே வண்டி சாய்ந்து கிடந்தது. பூரிகள் ரோடெல்லாம் உருண்டன. முப்பது பேர் வேடிக்கை பார்த்தார்கள். நடுவில் ஒரே ஒரு கடப்பாரை ஏறி, இறங்கி, ஏறி...

தாத்தா சுரங்கத்தில் வேலை பார்த்த காலத்துக் கடப்பாரை. அவள் வீட்டுக் கடப்பாரை!

கால் மணி நேரத்தில் அப்பா திரும்பினார். கை கழுவினார். பேண்ட்டிலிருந்து புதினா வாசனை வந்தது.

"ப்பா... அவன் திருடலப்பா."

"உனக்கெப்டி தெரியும்?"

நிவேதா ஜன்னலைச் சாத்தினாள்.

"முப்பத்தெட்டு பேரு பாத்துகிறாங்க," என்றார் வேந்தன். "ரத்தினம் கையெழுத்தோட போலீஸ்ல குடுத்துட்டாரு. ஏழு மணிக்கு அவன் செயினோட ஓடினத எல்லாரும் பாத்தோம்."

"பாத்தோமா? நீங்க ட்ரெயின்ல இருந்தீங்களேப்பா!"

"அதுக்கு இன்னா இப்ப? போன வருசம் தண்ணி லாரி மனுவுக்குக் கையெழுத்து வாங்கினாரு இல்ல? கூடவே நாலு வெத்துத் தாள்லயும் வாங்கி வச்சிகினாரு. எப்ப இன்னா வேணுமோ மேல எழுதிக்குவாரு. பஸ் வேணுமா, லைட்டு வேணுமா... ஊர் நல்லதுக்குத்தானே?"

சுவரில் புத்தர் கண்ணை மூடியிருந்தார். வசதியான நிலை.

"பௌர்ணமிக்குப் பௌர்ணமி சொல்றமேப்பா. நாலாவது சீலம் இன்னா? பொய் சொல்லக் கூடாதுன்னு..."

"அது விகாரைல சொல்றது. இது கமிட்டி. போய்ப் படி!"

*

ஞாயிறு காலை. போலீஸ் ஸ்டேஷன்.

சப்-இன்ஸ்பெக்டர் பாக்யலட்சுமி கோலாரிலிருந்து மாற்றலாகி வந்து இருபது நாள்தான் ஆகிறது. மேஜைமேல் ஆறிப்போன இட்லி. மூலையில் ஜித்து. இடது கண் வீங்கி மூடியிருந்தது. நிவேதாவைப் பார்த்ததும் வேண்டாம் என்று தலையாட்டினான்.

"அவன் எங்கூடத்தான் இருந்தான் மேடம்! செஸ் ஆடினோம்!"

பாக்யலட்சுமி கதவைப் பார்த்தார். கான்ஸ்டபிள் சுனில் போய் அதைச் சாத்திவிட்டு வந்தார்.

"வயசு எஷ்டம்மா?"

"பதினேழு."

"அவனுக்குப் பதினெட்டு. யாரும் இல்லாத எடம். முக்கால் மணி நேரம்." ஒவ்வொரு விரலாக மடக்கினார். "இதை நான் எழுதினா திருட்டு கேஸ் போயிடும். உங்கப்பா ஒரு கம்ப்ளெயின்ட் குடுப்பார். போக்சோ வரும். திருட்டுக்கு ஜாமீனாச்சும் கெடைக்கும். இதுக்கு... ஏனு மாடோது, என்ன பண்றது, சொல்லு?"

"நாங்க ஃப்ரெண்ட்ஸ் மேடம்! வெறும் செஸ்ஸு!"

"யாரைம்மா சாட்சிக்குக் கூப்பிடுவே? ராணியையா, குதிரையையா?"

அவனைக் காப்பாற்ற அவளிடம் இருந்தது ஒரே ஒரு உண்மை. அதுவே அவன் கழுத்துக்குச் சுருக்கு!

"நிவி," மூலையிலிருந்து குரல். "வூட்டுக்குப் போ. உன் யானைய நான் துன்னல. சரியா?"

அவள் நகரவில்லை. மூக்கை உறிஞ்சினாள்.

"மேடம்... அந்த முப்பத்தெட்டு பேரும் ட்ரெயின்ல இருந்தாங்க. சீசன் டிக்கெட்டு. எருமை படுத்து, ட்ரெயின் ஒன்றர மணி நேரம் லேட்டு. ஏழு மணிக்கு ஊர்லயே இல்ல!"

பாக்யலட்சுமி இட்லித் தட்டை நகர்த்தினார்.

"சுனில்... ஜீப் எடுங்க."

*

பத்தரை மணி. ஆபீஸ் வாசல். அதே ஃப்ளெக்ஸ்.

ரத்தினம் மண்டைக் கட்டோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கட்டு தேவைக்கு மேல் இரண்டு சுற்று. பின்னால் குழு. அதில் வேந்தன். எதிரே ஜீப்பில் ஜித்து. ஓரத்தில் நிவேதா.

"நேத்து ட்ரெயின் லேட்டாமே?" என்றார் பாக்யலட்சுமி.

ரத்தினம் திரும்பிக் குழுவைப் பார்த்தார்.

"லேட்டா? யாரு சொன்னது மேடம்? கரெக்ட் டைமு!"

"கரெக்ட் டைமு மேடம்!" குழு முழங்கியது. "ஆறே முக்காலுக்கெல்லாம் வூட்ல கீறோம்!"

பரம்பரை பரம்பரையாக அந்த ரயிலைத் திட்டியே தொண்டை கட்டியவர்கள். அந்த ஞாயிற்றுக்கிழமைதான் அதற்கு முதன்முதலாக நற்சான்றிதழ் கிடைத்தது!

நிவேதா அப்பாவைப் பார்த்தாள். அப்பா செருப்பைப் பார்த்தார்.

"நீங்க?" என்றார் பாக்யலட்சுமி.

"கரெக்ட் டைம்தான் மேடம்," என்றார் வேந்தன்.

நிவேதா பார்வையை ஜீப்பின் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"ரயில்வேக்கு எழுதிக் கேக்கணும்," பாக்யலட்சுமி அவள் பக்கம் திரும்பாமலே சொன்னார். "பதில் வர நாளாகும். அதுவரைக்கும் பையன் உள்ள." தாளைப் பிரித்தார். "சரி, பேர் படிக்கிறேன். பாத்தவங்க சொல்லுங்க. ஒண்ணு, நாகேஷ்."

"பாத்தேன் மேடம்!"

"ரெண்டு, ஸ்டீவன்."

"பாத்தேன் மேடம்!"

மூன்று, நான்கு, ஐந்து... வேந்தன் ஒன்பது. பள்ளிக்கூடத்தில் ஆஜர் சொல்வதுபோல மளமளவென்று நகர்ந்தது. பதினாறு வரைக்கும்!

"பதினேழு... டேவிட்."

பதில் இல்லை.

"டேவிட்?"

"பாத்தாரு மேடம்!" ரத்தினம் அதே வேகத்தில் சொன்னார். "நல்லா பாத்தாரு!"

"எங்க அவரு?"

ரத்தினத்துக்கு அப்போதுதான் உறைத்தது. முகம் சாம்பலானது.

"அது... வெளியூர் போய்கிறாரு மேடம்."

"எப்ப வருவாரு?"

சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் நிவேதாவின் தொண்டையிலிருந்து கிளம்பியது. கையைத் தூக்கினாள்.

"மேடம்... அவரு இங்கதான் கீறாரு. மேல!"

எல்லோரும் நிமிர்ந்தார்கள். ஆறடி ரத்தினத்தின் முழங்கைக்குக் கீழே, தபால்தலை அளவில் ஒரு முகம். 'கண்ணீர் அஞ்சலி. டேவிட். மறைவு: மார்ச் 4.'

பாக்யலட்சுமி நிதானமாகப் படித்தார். பிறகு அவர் பார்வை மெல்ல மேலே ஏறி, படத்து ரத்தினத்தின் கழுத்தில் நின்றது.

"ஃப்ளெக்ஸ்ல பிரிண்ட் பண்ண செயின்... காத்துல ஆடுமா சுனில்?"

சுனில் ஸ்டூலைப் போட்டு ஏறினார். ஃப்ளெக்ஸ் சட்டத்தின் கட்டுக்கம்பியில் சிக்கி, படத்துச் செயினுக்கு மேலேயே சொந்தச் செயின் தொங்கிக்கொண்டிருந்தது. சட்டத்துக்குப் பின்னால் ஒரு ஈரத் துணி. படத்து ரத்தினத்தின் இடது கன்னத்தில் பாதி துடைத்த காக்கை எச்சம். வலது கன்னம் பளிச்சென்று இருந்தது!

"பின்னாலேர்ந்து அடிச்சது யாரு?" என்றார் பாக்யலட்சுமி. "காக்காவா?"

ரத்தினம் மண்டைக் கட்டைச் சரிசெய்தார்.

"கொஞ்சம்... கால் தவறிடுச்சி மேடம். தலைவன் ஸ்டூல்லேர்ந்து வுழுந்தான்னு வெளிய சொல்ல முடியுமா?"

பாக்யலட்சுமி செயினைக் கட்டைவிரலால் தேய்த்தார். விரல் கறுத்தது. ஊர் பெயரே தங்கவயல். தலைவர் கழுத்தில் கவரிங்!

ஜித்துவை ஜீப்பிலிருந்து இறக்கினார்கள். அவன் நேராகத் தெருமுனைக்கு நடந்தான். நெளிந்த சக்கரம். மழையில் ஊறிய பூரி. ஒரு கரண்டியை எடுத்து, துடைத்து, பையில் வைத்துக்கொண்டான். எடுக்க வேறு எதுவும் இல்லை.

"பாவம்பா, நல்ல பையன்," என்றார் நாகேஷ். "நான் அப்பவே சொன்னேன்."

"இந்த வண்டிய ஒடச்சது யாரு?" பாக்யலட்சுமியின் குரல் ஏறியது. "நடுத்தெருவு, தெருவிளக்கு. யாரு பாத்தீங்க?"

ஒருவர் வானத்தைப் பார்த்தார். ஒருவர் போனை எடுத்தார்.

"பாக்கல மேடம்."

"ஒரே இருட்டு மேடம்."

"ஒம்போது மணிக்கு நாங்க ஊர்லயே இல்ல மேடம்! ட்ரெயின்ல மாட்டிக்கினோம். எருமை!"

"ஆமா மேடம்! செம லேட்டு!"

நிவேதா ஓரடி முன்னால் வந்தாள். வாய் திறந்தது. தோளில் ஒரு கை விழுந்தது. அப்பாவின் கை. அழுத்தவில்லை. புதினா வாசனை இன்னும் போகவில்லை.

"நீ பாத்தியாம்மா?" என்றார் பாக்யலட்சுமி.

ஜித்து அவளைப் பார்த்தான். அந்தக் கையைப் பார்த்தான். விரல் கணுவில் புதிதாக உரிந்திருந்த தோலையும் பார்த்தான். திறந்திருந்த ஒற்றைக் கண்ணுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

நிவேதாவின் வாய் மூடிக்கொண்டது. இல்லை என்று தலை தானாக ஆடியது. ஊரின் முப்பத்தொன்பதாவது கையெழுத்து!

"வேணாம் மேடம், வுடுங்க," என்றான் ஜித்து. "பதினொன்றர ட்ரெயினுக்கு நான் போவணும். இன்னிக்கு அது கரெக்ட் டைமா, லேட்டான்னு இவங்க இன்னும் முடிவு பண்ணல."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டான்.

"டேய், கேஸ் எழுதணும்டா. சாட்சி வேணுமே!" என்றார் பாக்யலட்சுமி.

ஜித்து ஃப்ளெக்ஸை அண்ணாந்து பார்த்தான்.

"டேவிட் அங்கிளைக் கேளுங்க மேடம். இந்த ஊர்ல கண்ணு தெரியற ஆளு அவரு ஒருத்தருதான்!"