தரை தொடாத யானை

புஷ்பராணி வைக்கோலில் யானை செய்துகொண்டிருந்தாள். இலங்கையில் கண்டியை விட்டுக் கப்பலேறி, குடவாசல் பக்கம் குடிவந்து ஒரு வருடம் ஆகிவிட்டது. ஆனாலும் கண்டியில் புத்தர் கோயில் ஊர்வலத்தில் பார்த்த யானை இன்னும் அவள் கனவில் அசைந்து அசைந்து வந்தது.

பள்ளித் தாழ்வாரத்தில் அவளுக்கு இந்தப் பக்கம் பூவம்மாள், அந்தப் பக்கம் பிரகதாம்பாள். புது ஊரில் கிடைத்த முதல் சிநேகிதிகள். இப்போது ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்ப்பதில்லை. பிரகதாம்பாள் வீட்டு வயலில் அறுவடை நின்று பத்து நாள் ஆகிறது. கூலி நெல்லைக் கூட்டிக் கொடுக்கச் சொல்லிக் கொடி பிடித்தவர் பூவம்மாளின் அப்பா. பெரியவர்கள் சண்டையை இவர்கள் பத்திரமாகப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு வந்துவிட்டார்கள்.

"அவகிட்ட வாழைநாரைக் கேளு" என்றாள் பிரகதாம்பாள்.

"அவளையே கேக்கச் சொல்லு" என்றாள் பூவம்மாள்.

தலையைத் திருப்பித் திருப்பிப் புஷ்பராணிக்குக் கழுத்து வலித்தது. இருவரில் ஒருத்தியை இழந்துவிடுவோமோ என்று பயமாகவும் இருந்தது.

யானைக்கு வாலிலிருந்து தும்பிக்கை வரை அம்மாவின் பழைய சேலைத்துணியைப் போர்த்தினாள். கண்ணுக்குக் குன்றிமணி. முதுகில் ஜிகினா ஒட்டிய தீப்பெட்டி.

"அது எதுக்கு?" என்றாள் பூவம்மாள்.

"புத்தரோட பல்லு வைக்கிற பேழை."

"உள்ள என்ன இருக்கு?" என்றாள் பிரகதாம்பாள்.

"போன வாரம் விழுந்த என் பல்லு."

இருவரும் சிரித்தார்கள். தனித்தனியாகத்தான்.

"தரையில விடு, நடக்கட்டும்" என்றாள் பூவம்மாள்.

"பேழை சுமக்கிற யானை தரையை மிதிக்காது. வெள்ளைத் துணி விரிச்சாத்தான் நடக்கும்."

பூவம்மாள் தன் கைக்குட்டையை விரித்தாள். யானை நாலடி நடந்தது. துணி முடிந்துவிட்டது. முன்னங்கால் அந்தரத்தில் நிற்க, புஷ்பராணி அப்படியே பிடித்துக்கொண்டாள். யாரையும் பார்க்கவில்லை.

"யானை காத்துக்கிட்டு இருக்கு" என்றாள்.

பிரகதாம்பாள் சற்றுத் தயங்கினாள். பிறகு தன் கைக்குட்டையை எடுத்து அடுத்து விரித்தாள்.

யானை மெல்ல நகர்ந்தது. சன்னல் வழியே விளைந்த நெல்லின் வாசம் வந்தது. தாழ்வாரத்து வெயிலில் ஜிகினா மினுங்கியது. புஷ்பராணியின் காதில் எங்கோ மேளம் கேட்டது.

"வாலு தாண்டிருச்சு, உன்னுதை எடுத்து முன்னால போடு" என்றாள் பிரகதாம்பாள்.

"நீ உன்னுதை இழுத்துப் பிடி, மடங்குது பாரு" என்றாள் பூவம்மாள்.

புஷ்பராணி மூச்சுக்கூட விடவில்லை. இந்த முறை யாரும் அவளைத் தூது அனுப்பவில்லை.

தாழ்வாரம் முடிந்தபோது மணி அடித்தது.

"நாளைக்குக் குளம் வரைக்கும் விடலாமா?" என்றாள் பிரகதாம்பாள்.

"அவ்வளவு தூரத்துக்குத் துணிக்கு எங்க போறது?" என்றாள் புஷ்பராணி.

"ரெண்டே போதும்" என்றாள் பூவம்மாள். "நானும் அவளும் மாத்தி மாத்திப் போடுவோம்."